நாற்காலிக்கு ஞானஸ்நானம்

தெருக்குழாயில் அன்று தண்ணீர் நூலாகத்தான் வந்தது. என் முறை வந்து, குடம் நிறைந்து, இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார் என் வீட்டுக்காரர். கை நீட்டிக் குடத்தை வாங்கினார். பரவாயில்லையே, பெண்டாட்டி சுமப்பது கண்ணில் பட்டிருக்கிறதே என்று மனசு குளிர்ந்துபோனேன். வாங்கிய குடத்தை நேரே வராந்தாவுக்குக் கொண்டுபோய், அங்கே கிடந்த நாற்காலியின் மேல் கவிழ்த்தார்.

எதிர்வீட்டு பிலோமி அக்கா வாசற்படியில் உட்கார்ந்து சாளை மீன் அரிந்துகொண்டிருந்தார். அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“ஏளா லில்லி, ஒன் மாப்பிள நாற்காலிக்கு ஞானஸ்நானமா குடுக்காரு? என்ன பேரு வைக்கப் போறாராம்?”

“பேரு நீங்கதான் சொல்லணும்க்கா. ஞானத்தாய் நீங்கதான்,” என்றேன். வேறு என்ன சொல்வது? திரும்பக் குழாயடிக்குப் போனேன். வரிசையின் வாலில் நின்றேன்.

அந்த நாற்காலியைச் சொல்ல வேண்டும். இழைப்பு, பாலிஷ் ஒன்றும் கிடையாது. பட்டை உரிக்காத உடைமரக் கம்புகளையும் பூவரசங் கட்டைகளையும் ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்தது. உட்காரும் இடத்தில் கயிற்றுப் பின்னல். காலையில் கல்லுப்போல நிற்கும். மத்தியானம் உப்பளத்துக் காற்று அடித்ததும் கிறீச் கிறீச்சென்று ஆட ஆரம்பிக்கும். ஆடினால் ஒரு குடம் தண்ணீர். குடித்ததும் மறுபடி கல்லு. மறுநாள் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆடும். மறுபடி ஒரு குடம்.

புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டி முடித்து, ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த காலம் அது. குடிக்கத் தண்ணீருக்கு ஊரே அலைந்தது. எங்கள் வீட்டில் வயிறு நிறையக் குடித்தது நாற்காலி மட்டும்தான்.

பெட்டிக்குள் இரும்பு

அப்பா வீட்டையும் மாமியாரையும் பற்றி எழுதிய வாரங்களில் எல்லாம், “வீட்டுக்காரரை எப்போது எழுதுவீர்கள்?” என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதோ எழுதுகிறேன். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. மறுத்துப் பேச ஆள் இல்லாத தைரியத்தில் எழுதுகிறேன்.

பெயர் கஸ்பார். இருந்தவரை நான் வாயால் சொல்லாத பெயர். தொழில், கப்பலில் தச்சுவேலை. அவருடைய அப்பா தோணி கட்டுகிறவர். இவர் தோணியில் தொடங்கி, பம்பாய் ஏஜெண்ட் வழியாக வெளிநாட்டுக் கப்பலுக்குப் போனவர். போனால் வருவதற்கு இரண்டு வருஷம் ஆகும். வந்து, சட்டையெல்லாம் துவைத்து முடிப்பதற்குள் மறுபடி தந்தி வந்துவிடும்.

அந்த முறை வந்தபோது, “இனி போகல்ல ளா, கரையிலயே பொழச்சுக்குவோம்,” என்றார். கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே ஈரக் கண்ணோடு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன்.

கப்பல்காரர்கள் வீட்டுப் பெட்டி திறக்கிற அன்று எங்கள் தெருவில் ஒரு கூட்டம் கூடும். நைலக்ஸ் சேலை, வாசனைச் சோப்பு, பவுடர் டப்பா, டிரான்சிஸ்டர் என்று வந்துகொண்டே இருக்கும். பெண்கள் முகர்ந்து பார்ப்பார்கள், தடவிப் பார்ப்பார்கள், வீட்டுக்குப் போய்ப் பெருமூச்சு விடுவார்கள். எங்கள் பெட்டியில் எண்ணெய்த் துணியில் சுற்றி இரண்டு இரும்பு இருந்தன. பூசைமணியை நாக்கைப் பிடுங்கிக் கவிழ்த்தால் எப்படியோ, அப்படி. உள்ளே சாய்வாக ஒரு கத்தி.

“இது என்ன?” என்றேன்.

“கட்டர்,” என்றார், மாணிக்கக் கல்லைக் காட்டுகிறவர் முகத்தோடு.

பென்சில் சீவும் கட்டர் எல்லோருக்கும் தெரியும். இது கட்டையைச் சீவுகிற கட்டர், அவ்வளவுதான். இந்த மணியைத் துளை போடுகிற கைத் துரப்பணத்தில் மாட்டி, மரக்கம்பின் நுனியை அதற்குள் விட்டுச் சுற்றினால், உள்ளே இருக்கும் கத்தி சீவிச் சீவி நுனியை உருளையாக்கிவிடும். அந்த உருளை நுனியைத் தச்சர்கள் கழுந்து என்பார்கள். இன்னொரு கட்டையில் அதே அளவுக்குத் துளை போட்டுக் கழுந்தை இறக்கினால் மூட்டு முடிந்தது. ஆணி வேண்டாம், பசை வேண்டாம்.

இரண்டு கட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று பெரியது, ஒன்று சின்னது என்று பெயருக்குச் சொல்லலாம். அரிசி மணி அகலம்தான் வித்தியாசம்.

“ரெண்டும் ஒண்ணுபோலல்லா இருக்கு. எதுக்கு ரெண்டு?”

“ஒண்ணு பழுதாப் போச்சுன்னா இன்னொண்ணு,” என்றார் கொஞ்சமும் யோசிக்காமல்.

என் அப்பா கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்ட கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து வாங்கிய இரும்பு என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று நான் பேசியதை இந்த வாரப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

கிழவன் காட்டிய சைகை

கடிகாரம் போன கதையை அவர் சொல்லாத ஆளில்லை. பல் கிட்டிக்கொள்ளும் குளிர் நாட்டில் ஏதோ துறைமுகம். கப்பல் பழுதுக்கு நின்றிருக்கிறது. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், தாடிக் கிழவன் ஒருவன் பட்டையோடு கம்புகளைச் செருகி நாற்காலி செய்துகொண்டிருந்தானாம். இவர் போய் நின்றார். அவன் பேச்சு இவருக்குப் புரியாது, இவர் பேச்சு அவனுக்குப் புரியாது.

கடிகாரம் கைமாறியது. கட்டர்களைக் கொடுக்கும்போது கிழவன் சைகை காட்டினானாம். முதலில் பெரிய கட்டரைத் தூக்கிக் காட்டினான். அடுத்து மூலையில் எரிந்த அடுப்பைக் காட்டினான். இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துத் தூங்குவதுபோலக் காட்டினான். கடைசியில் சின்னக் கட்டரைத் தூக்கிக் காட்டினான்.

“வெள்ளக்காரன் எவ்வளவு மரியாத தெரிஞ்சவன் தெரியுமா?” என்பார் என் வீட்டுக்காரர், ஒவ்வொரு தடவையும் இதே இடத்தில் நிறுத்தி. “ரொம்பக் குளிருதே, அடுப்புப் பக்கம் வா, கொஞ்சம் படுத்துக்கோ, ஒரு சின்னக் கிண்ணம் சாராயம் குடிச்சிட்டுப் போன்னு சொல்லுதான்.”

அடுப்போரம் போய் உட்கார்ந்தாராம். சாராயத்துக்குக் காத்திருந்தாராம். அது மட்டும் வரவில்லையாம். “மறந்துட்டாம் போல, வயசாயிட்டுல்லா,” என்று கிழவனை மன்னித்தும் விட்டார்.

வைஸ் என்கிற லில்லி

கட்டர் வாங்குகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். முதலில் கம்பைப் பாருங்கள், பிறகு கட்டரைப் பாருங்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். பெரிய கட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருத்தமான கம்பு தேடி ஊர் ஊராகப் போவார். பெரியதாக ஒன்று கையில் இருக்கும்போது சின்னதைத் தொடுகிற ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. சின்னக் கட்டர் எண்ணெய்த் துணியை விட்டு வெளியே வரவே இல்லை.

கம்பு கட்டர் வாயைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்க வேண்டும். மெலிந்திருந்தால் கழுந்தில் ஒரு பக்கம் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பு வளைந்திருந்தால், வளைவைப் பார்க்காமல் நுனி போகிற திசையைப் பார்த்துக் கட்டரைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுந்து ஒரு பக்கமும் கம்பு ஒரு பக்கமும் போகும். எங்கள் முதல் நாற்காலியின் நாலு காலும் நாலு ஊருக்குப் பஸ் ஏறப் போவதுபோல நின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியம், சுற்றும்போது கம்பு அசையக் கூடாது. பட்டறையில் கம்பைக் கவ்விப் பிடிக்க வைஸ் என்று ஒரு இரும்புச் சாமான் இருக்கும். எங்கள் வீட்டில் அந்தச் சாமான் நான்தான். கம்பைப் பெஞ்சில் வைத்து, அதன் மேல் நான் உட்கார வேண்டும். அவர் எதிரே நின்று துரப்பணத்தைச் சுற்றுவார்.

“அசையாத ளா.”

“நான் அசையல்ல. ஒங்க கத்திதான் மழுங்கிட்டு. தீட்டுங்க.”

“அதெல்லாம் எனக்குத் தெரியும்.”

தெரியாது. கத்தியைத் தீட்டினால் சீவல் நாடாபோலச் சுருண்டு வரும். மழுங்கினால் தவிடுபோலக் கொட்டும். என் மடியில் விழுவது நாடாவா தவிடா என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் ஒன்று. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கிற மனுஷன், தினமும் என் எதிரில் ஒரு முழத் தூரத்தில் நின்றார். நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து நிற்பதும், அதை ஊதித் தள்ளுவதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கால் மரத்துப் போனாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

தோணிக்காரர் மூளை

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். காய்ந்த உடைமரம் இரும்புபோல இருக்கும், கத்தியைத் தின்றுவிடும். பச்சை மரம் வெண்ணெய்போலச் சீவும். அதனால் பச்சைக் கம்பாக வெட்டி வந்தார். அது காய்ந்துவிடப் போகிறதே என்று ஓடைத் தண்ணீரில் ஊறவும் போட்டார்.

அவர் அப்பா வழி வந்த புத்தி அது. புதுத் தோணியைக் கடலில் இறக்கினால் முதலில் எல்லாப் பலகை இடுக்கிலும் தண்ணீர் கசியும். யாரும் பதற மாட்டார்கள். மரம் தண்ணீர் குடித்து உப்பியதும் இடுக்கெல்லாம் தானாக இறுகிவிடும். ஆயுசு முழுக்கக் கடலிலேயே கிடக்கப் போகிற தோணிக்கு அது சரி. வராந்தாவில் கிடக்கும் நாற்காலிக்கு?

“தோணிக்கு ஆகுறது நாற்காலிக்கு ஆகாதா?” என்பார். கழுந்து காய்ந்து சுருங்குகிறது, துளைக்குள் லொடலொடவென்று ஆடுகிறது என்று கண்ணால் பார்த்தாலும் நம்ப மாட்டார். குடத்தைத் தேடுவார்.

கிளப்பிலிருந்து ஒரு கார்

இந்த லட்சணத்தில் ஒருநாள் எங்கள் தெருவில் கார் வந்து நின்றது. துறைமுக வேலைக்கு வந்திருந்த அதிகாரிகள் கடற்கரையோரம் ஒரு கிளப் வைத்திருந்தார்கள். அதன் செயலாளர் இறங்கினார். சென்னைக்காரர். கொடைக்கானலில் ஏதோ பங்களாவில் பட்டையோடு செய்த மர நாற்காலிகளைப் பார்த்ததிலிருந்து அவருக்கும் அதே கிறுக்கு. தேக்கு நாற்காலி வாங்க வசதி இருக்கிறவர்களுக்குத்தான் விறகுக்கட்டையில் உட்கார ஆசை வரும்.

அன்று காலைதான் நாற்காலிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார் என் வீட்டுக்காரர். செயலாளர் ஆட்டிப் பார்த்தார். கல்லு.

“ஸ்ட்ராங்கா இருக்கே,” என்றார். ஆண்டுவிழாவுக்குப் பெரிய அதிகாரி வருகிறார், முன்வரிசை முழுக்க இந்த நாற்காலிதான் போட வேண்டும், பிடித்துப்போனால் கிளப் தோட்டத்துக்கே வருஷம் முழுக்க வேலை என்றார்.

அதே வாரத்தில் பம்பாய் ஏஜெண்டின் ஆளும் வந்தான். கப்பல் தயார், கையெழுத்துப் போட வேண்டும் என்றான். என் வீட்டுக்காரர் அவனிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“கிளப்பு வேல கெடச்சுச்சுன்னா நான் வரல்ல. கெடைக்கல்லன்னா வாரேன். அதுவரைக்கும் பொறும்.”

ஆக, அவர் கரையில் இருப்பதும் கப்பலேறுவதும் ஆடுகிற அந்த நாற்காலிகளின் தலையில் வந்து உட்கார்ந்தது. மாதா கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றேன். அவர் போகக் கூடாது என்று வேண்டினேன். வெளிப்படையாகவே சொல்கிறேன், வயிற்றுப்பாட்டுக்காக அல்ல. அவர் இல்லாமல் வீட்டை நடத்த எனக்குத் தெரியும், நடத்திக்கொண்டுதான் இருந்தேன். அவர் எனக்கு வேண்டும், அதற்காக.

முன்வரிசை எழுந்து நின்றபோது

விழாவன்று மத்தியானம் வண்டியில் நாற்காலிகளை இறக்கினோம். வெயிலில் வந்ததில் எல்லாம் கலகலத்துப் போயிருந்தன. கிளப் தோட்டத்தில் குழாய் இருந்தது. அதில் தண்ணீர் எப்போதும் வரும், அதிகாரிகள் குழாய் அல்லவா? என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. வாளி வாளியாக ஊற்றினார்.

“கயிறு நனையுதே, உக்காருறவுகளுக்கு ஈரம் படாதா?” என்றேன்.

“சாயங்காலத்துக்குள்ள காஞ்சிரும்,” என்றார்.

மேலே காய்ந்தது. தேங்காய் நார்க் கயிறு உள்ளே குடித்து வைத்துக்கொண்டிருந்தது. கடற்காற்று வேறு. தொட்டால் தெரியாது, உட்கார்ந்து அழுத்தினால்தான் தெரியும்.

பெரிய அதிகாரி வந்தார். எல்லோரும் வெள்ளைப் பேண்ட். உட்கார்ந்தார்கள். எதுவும் ஆடவில்லை. நாங்கள் சமையல்கூடத்துப் பக்கம், கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர் பார்க்க அவர் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான்.

பேச்சு நீண்டது. முன்வரிசையில் ஒவ்வொருவராக நெளிய ஆரம்பித்தார்கள். பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள், ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொள்வார்கள். ஈரமாகிவிட்டது என்று எந்த அதிகாரி வாய்விட்டுச் சொல்வார்? தன்னால் ஆனதோ என்று ஒவ்வொருவருக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்திருக்கும்.

கடைசியில் தேசிய கீதம். முன்வரிசை விறைப்பாக எழுந்து நின்றது. வரிசை முழுக்க, வெள்ளைப் பேண்டின் பின்பக்கம், நார்க்கயிற்றுச் சாயத்தில் வட்ட வட்டமாகப் பழுப்புக் கறை. பின்னால் இருந்த அத்தனை குடும்பமும் பார்த்துக்கொண்டே நின்றது. அசையக் கூடாது, சிரிக்கக் கூடாது, கையால் மறைக்கவும் கூடாது. கீதம் முடிகிறவரை அந்த ஊரில் அவ்வளவு தேசபக்தியை நான் பார்த்ததில்லை.

மறுநாள் நாற்காலிகள் அதே வண்டியில் திரும்பி வந்தன. என் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அடுப்படி

தந்தி வரச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் நாற்காலிகளை நான் விறகாக்கினேன். உடைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, இழுத்தால் கையோடு வந்தது. கம்புகளைக் காயட்டும் என்று அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கினேன். ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு மூன்றாக எரித்தேன். ஆத்திரம் தீரவில்லை, சோறு மட்டும் வெந்தது.

ரயிலுக்குப் போகிற அன்று காலை. கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அடுப்போரம் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். கை சும்மா இருக்காதே. பரணிலிருந்து ஒரு கம்பை உருவினார். அவர் கடைந்த கழுந்து நுனியில் இருந்தது. பெட்டியில் வைக்க எடுத்திருந்த பெரிய கட்டரை அதில் மாட்டிச் சுற்றினார். கத்தி எங்குமே படாமல் சும்மா சுற்றியது. கழுந்து அவ்வளவு சுருங்கியிருந்தது.

எண்ணெய்த் துணியைப் பிரித்துச் சின்னதை எடுத்தார். மாட்டிச் சுற்றினார். கிர்ரென்று கடித்தது. மெல்லிசாகச் சீவல் சுருண்டு விழுந்தது.

அவர் கம்பைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பெரிய கட்டரைப் பார்த்தார்.

“ஏளா,” என்றார் கடைசியில். “அந்தக் கெழவன் என்னைக் குடிக்கக் கூப்பிடல்ல.”

“பின்ன?”

“பெரிசால வெட்டு. அடுப்புப் பக்கம் போடு. தூங்க வுடு. பெறவு சின்னதால வெட்டு. இதத்தான் சொல்லிருக்கான்.”

வேறொரு நாளாக இருந்தால் தெருவுக்கே கேட்கச் சிரித்திருப்பேன். காப்பியை ஆற்றிக் கையில் கொடுத்தேன்.

அவர் குடிக்கவில்லை. எழுந்து போய், கொல்லையில் கிடந்த பச்சைப் பூவரசங் கட்டைகளை இழுத்து வந்தார். காய்ந்த கம்புகளை ஒவ்வொன்றாகச் சின்னக் கட்டரில் விட்டுச் சுற்றினார். நான் பெஞ்சில் கம்பின் மேல் உட்கார்ந்திருந்தேன். பூவரசங் கால்களில் சின்னத் துளை போட்டு, கழுந்துகளைச் சுத்தியலால் அடித்து இறக்கினார். மத்தியானச் சோற்றுக்குள், பழைய நார்க்கயிற்றுப் பின்னலோடு நாற்காலி எழுந்து நின்றது. ஆட்டினார். மேலே ஏறிக் குதித்தார். உம் என்று ஒரு சத்தம் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை.

“இப்பத்தான் பிடிபட்டுருக்கு,” என்றார், சின்னப் பிள்ளைபோல.

“பிடிபட்டுட்டுல்லா. அப்ப இருங்க.”

“கையெழுத்துப் போட்டாச்சே.” வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “சரியா வரல்லன்னாத்தான் மனசு கெடந்து அடிச்சுக்கும். ஆடுற நாற்காலிய வுட்டுட்டு என்னால போவ முடியாது, அதச் சரிபண்ணிட்டு அடுத்த கப்பலுக்குத்தான் போயிருப்பேன். இதுதான் சரியா வந்துட்டே. நிம்மதியாப் போறேன்.”

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

நான் நாற்காலியைப் பார்த்தேன். ஆடுகிற நாற்காலியை விட்டுவிட்டுப் போக முடியாது என்றாரே. சமையலறையில் குடம் இருந்தது. காலையில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர். தூக்கி வந்து, அந்த நாற்காலியின் ஒவ்வொரு மூட்டிலும் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். இத்தனை நாற்காலியைக் கெடுத்த தண்ணீர், இந்த ஒன்றையும் கெடுக்காதா?

“ஏளா லில்லி,” என்றார் எதிர்வீட்டுப் படியிலிருந்து பிலோமி அக்கா. “ஒனக்கும் தொத்திக்கிட்டா?”

நான் குடத்தைக் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தேன்.

அவர் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நனைந்த நாற்காலியையும் என் கையில் இருந்த காலிக் குடத்தையும் பார்த்தார். முதுகுச் சட்டத்தைப் பிடித்து ஆட்டினார். காய்ந்த கழுந்து தண்ணீர் குடித்து, துளைக்குள் முன்னைவிட இறுகியிருந்தது.

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“நீயும் நம்பிட்டியா?” என்றார். “நாந்தான் சொன்னேம்லா, மரத்துக்குத் தண்ணி நல்லதுன்னு.”

கிழவனின் சைகை அவருக்கு ஒரு வழியாகப் புரிந்திருந்தது. என்னுடையது புரியவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, தெருமுனையில் ஒருமுறை திரும்பிக் கையைக் காட்டிவிட்டு, ரயிலுக்குப் போய்விட்டார்.

நான் அந்த ஈர நாற்காலியில் உட்கார்ந்தேன். சேலை நனைந்து, பின்பக்கம் முழுக்கப் பழுப்புக் கறை ஏறியது. நாற்காலி ஆடவே இல்லை.